ஆடலும் ஒலியும்: வரிப்பாட்டு முதல் வீடியோ விளையாட்டு வரை

இசையைக் கேட்டு மகிழ்தல் ஒன்று. ஆடிக்கொண்டே இசையில் தோய்தல் மற்றொன்று. முன்னதில் கேட்பவர் கை ஓய்ந்திருக்கும். பின்னதில் அக்கையே இசையை நடத்தும். பண்ணும் யாழும் கூத்தும் பற்றித் தமிழறிஞர் விரிவாக ஆராய்ந்துள்ளனர். விளையாட்டோடு பிறந்த இசை அத்துணைக் கவனம் பெறவில்லை. இன்று இளைஞர் திளைக்கும் வீடியோ விளையாட்டின் இசையோ தமிழாராய்ச்சிக்குப் புறம்பானதென்றே ஒதுக்கப்படுகிறது. இவ்விரண்டும் ஓரினத்தன என்பதையும், அதனை உணர்வதால் நம் ஆராய்ச்சிக்கு விளையும் பயனையும் ஈண்டுக் காண்போம்.

சிலப்பதிகார வாழ்த்துக் காதையில் வஞ்சி மகளிர் பாடுவனவாக அம்மானை வரி, கந்துக வரி, ஊசல் வரி, வள்ளைப் பாட்டு என்பன அமைந்துள்ளன. அம்மானை சோழனையும், கந்துக வரி பாண்டியனையும், ஊசல் வரி சேரனையும் போற்றுகின்றன. பொருளால் இவை வாழ்த்தே. ஓசையாலோ ஒவ்வொன்றும் வேறு. கந்துக வரியில் சீர்கள் விரைந்தோடுகின்றன. பந்தடித்தலைக் கூறும் தொடர் மீண்டும் மீண்டும் வந்து, பந்து கைக்கு வந்து மீள்வதைச் செவிக்குக் காட்டுகிறது. ஊசல் வரியின் நடை, ஊசல் போய் மீளும் காலத்தை அளப்பது போல் அகன்று நிற்கிறது. வள்ளைப் பாட்டுக்கு உலக்கையே தாளம். பாட்டின் வேகத்தை வகுப்பது ஆடுகருவி என்பது இவற்றால் புலனாகும். திருவாசகத்துத் திருவம்மானை, திருவுந்தியார், திருப்பொன்னூசல், திருச்சாழல் ஆகியவை இம்மரபைப் பத்திநெறிக்கு உரியதாக்கின. பிள்ளைத்தமிழின் சிறுபறைப் பருவத்திலோ ஒலி எழுப்புதலே விளையாட்டாகி விடுகிறது.

இப்பாடல்களின் சொற்கள் நமக்குக் கிடைத்தன. மகளிர் பாடிய மெட்டுகள் கிடைக்கவில்லை. ஏன் என்னும் வினாவிற்கு விடை, ஏட்டில் அன்று, சேலம் மாவட்டத்துப் பனமரத்துப்பட்டியில் ஒரு வீட்டுத் திண்ணையிலே கிடைத்தது. ஐந்தாங்கல் ஆடும்போது பாடும் பாட்டைச் சொல்லுமாறு ஒரு மூதாட்டியாரை வேண்டினேன். இரண்டு அடிகளுக்குமேல் அவருக்கு நினைவு வரவில்லை. “கல்லு கையில இல்லாம பாட்டு எங்க வரும் கண்ணு?” என்றார். வாசலிலிருந்து ஐந்து கற்கள் பொறுக்கித் தரப்பட்டன. முதற்கல் மேலே சென்றதும் பாட்டும் எழுந்தது. கல் தவறிய இடத்தில் பாட்டும் நின்றது. அப்பாட்டு அவர் நெஞ்சில் இருந்ததைவிடக் கையில் இருந்தது என்பதே பொருந்தும். அருகே கைப்பேசியில் விளையாடிக்கொண்டிருந்த பேரனிடம், ஒலியை நிறுத்திவிட்டு ஆடலாகாதா என்று கேட்டேன். “ஆடலாம், ஆனா எதிரி எந்தப் பக்கம் வர்றான்னு தெரியாதுங்க” என்றான். பாட்டிக்குக் கை பாட்டைத் தந்தது. பேரனுக்கு ஒலி கையை நடத்தியது.

வீடியோ விளையாட்டின் வரலாறும் இவ்வுறவையே மெய்ப்பிக்கிறது. 1972இல் அட்டாரி நிறுவனம் வெளியிட்ட ‘பாங்’ ஒரு பந்தாட்டம். மட்டையிற் பந்து படுந்தோறும் ஓர் ஒலி எழும். 1978இல் சப்பானியராகிய தொமொஹிரோ நிஷிகாடோ அமைத்த ‘ஸ்பேஸ் இன்வேடர்ஸ்’ விளையாட்டில் இறங்கிவரும் நான்கு தாழ்சுரங்களே இடையறாது சுழலும். எதிரிகள் குறையக் குறைய எஞ்சியோர் விரைவர். சுரங்களும் உடன் விரையும். ஆகவே ஆடுபவர் வெல்லுந்தோறும் அவர் நெஞ்சத்துடிப்பும் மிகும். 1985இல் வெளிவந்த ‘சூப்பர் மரியோ பிரதர்ஸ்’ விளையாட்டுக்குக் கோஜி கோண்டோ இசையமைத்தார். அதனை ஒலித்த கருவி ஐந்தே ஒலித்தடங்கள் உடையது. அவ்வெல்லைக்குள் நின்று, ஓடுதற்கும் தாவுதற்கும் இயைந்த நடையை அவர் வகுத்தார். காலம் குறையும்போது அவ்விசை விரைவுபெறும். அதன் முதன்மை மெட்டினை அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் 2023இல் தேசிய ஒலிப்பதிவுத் தொகுப்பில் சேர்த்தது. வீடியோ விளையாட்டு இசை அத்தொகுப்பில் இடம்பெற்றது அதுவே முதன்முறை.

தமிழுக்கு அணித்தான சான்றும் உண்டு. கனடாவின் டொராண்டோ நகரத்து விசை கேம்ஸ் நிறுவனம் 2023இல் ‘வெண்பா’ என்னும் விளையாட்டை வெளியிட்டது. தமிழகத்திலிருந்து 1980களில் கனடாவிற் குடியேறிய குடும்பத்தின் கதை அது. தாய் வெண்பா, தந்தை பாவலன், மகன் கவின். ஆடுபவர் செய்ய வேண்டிய செயல் சமையல். தாளிப்புப் பொரியும் ஒலி, நீர் கொதிக்கும் ஒலி ஆகியவை கையின் செயலுக்கு விடையாக எழுகின்றன. உடன் ஒலிக்கும் பாடல்கள், தமிழ்த் திரையிசையின் பல காலத்து நடைகளைத் தழுவிப் புதியனவாக இயற்றப்பெற்றவை. மகன் தாய்மொழியிலிருந்து விலகிச் செல்லும் கதையில், அடுக்களைப் பாட்டு தமிழாகவே நிற்கிறது. இவ்விளையாட்டு 2024இல் பிரித்தானியத் திரைப்பட, தொலைக்காட்சிக் கலைக்கழகத்தின் அறிமுக விளையாட்டுக்கான விருதைப் பெற்றது. உலக்கையொலியோடு பிறந்த வள்ளைப் பாட்டின் இனத்தில் இதனையும் வைத்து எண்ணுதல் தகும்.

வேறுபாடு இல்லையோ எனின், உண்டு. வரிப்பாட்டில் ஆடுவோரே பாடினர். வீடியோ விளையாட்டில் பாடுவது பொறி. கை எஞ்சிற்று, மிடறு ஓய்ந்தது. இவ்விழப்பு சிறிதன்று. ஆயினும் இழப்பின் அச்சம் இரண்டிற்கும் பொது. 2010க்கு முன் அமெரிக்காவில் வெளிவந்த விளையாட்டுகளுள் 87 விழுக்காடு இன்று விற்பனையில் கிடைப்பதில்லை என 2023இல் வெளியான ஓர் ஆய்வு கூறுகிறது. பொறி மறைந்தால், அதனோடு ஆடிய இசையின் இயக்கமும் மறையும். மெட்டினைத் தனியே பதிந்து வைத்தாலும், கைக்கு அது விடை சொன்ன முறை நமக்குக் கிட்டாது.

எனவே நாட்டுப்பாடல் தொகுக்கும் மாணவர் சொற்களை மட்டும் எழுதிக்கொண்டு மீளுதல் போதாது. கல் விழும் ஒலி, பாடுவோர் மூச்சு வாங்கும் இடம், ஆட்டம் தவறியதும் எழும் சிரிப்பு ஆகிய அனைத்தையும் ஆடல் நிகழும்போதே பதிவு செய்தல் வேண்டும். கந்துக வரியின் மெட்டினை இனி மீட்பது அரிது. ஐந்தாங்கற் பாட்டின் மெட்டு திண்ணைகளில் இன்னும் இருக்கிறது. கேட்கச் செல்வோர் முதலில் ஐந்து கற்களைக் கொண்டு செல்க.