முப்பத்தஞ்சு வயசில் கெழவியாக்கப்பட்டவர்கள்

முப்பத்தஞ்சு வயசுப் பெண் கெழவியா? இந்தக் கேள்வி உச்ச நீதிமன்றம் வரைக்கும் போன நாடு இது.

அப்போது அரசு நிறுவனமாக இருந்த ஏர் இந்தியாவில் விமானப் பணிப்பெண்களுக்கு ஒரு விதி. 35 வயதானால் வேலை போய்விடும். சேர்ந்து நான்கு ஆண்டுக்குள் கல்யாணம் செய்தாலோ, முதல் கர்ப்பம் தரித்தாலோ அதற்கு முன்பே போய்விடும். நிர்வாக இயக்குநர் மனசு வைத்தால் 45 வரை இருக்கலாம். அதே விமானத்தில் ஆண் பர்சருக்கோ 58. நர்கேஷ் மீர்சா வழக்கில் 1981இல் தீர்ப்பு வந்தது. கர்ப்ப விதியும் இயக்குநரின் விருப்ப அதிகாரமும் செல்லாது என்றார்கள். கல்யாணத் தடையை அப்படியே விட்டுவிட்டார்கள். 2003இலும், பெண்களை 50 வயதில் தரைக்கு இறக்குவது பாகுபாடு இல்லை என்றே தீர்ப்பு வந்தது.

ஏன் இப்படி? சேவை வேலையில் உழைப்போடு முகத்தையும் சேர்த்து விற்கச் சொல்கிறான் முதலாளி. வாடிக்கையாளர் கண்ணுக்கு எது பிடிக்கும் என்பதே தகுதியாகிவிடுகிறது. சட்டத்திலும் ஓட்டை. அரசியல் சட்டத்தின் 15, 16ஆம் பிரிவுகள் மதம், இனம், சாதி, பால், பிறந்த இடம் என்று அடுக்குகின்றன. வயது அதில் இல்லை. அதனால்தான் அந்தப் பெண்கள் வயதுக் கொடுமையைப் பால் பாகுபாடு என்று சொல்லி வழக்காட வேண்டியிருந்தது.

நம் சேரிப் பெண்களிடம் வருவோம். தெருக் கூட்டுகிற அம்மாவின் முகத்தை யாரும் பார்ப்பதில்லை. அவரை வேலையே கெழவியாக்குகிறது. குனிந்து கூட்டி இடுப்பு போச்சு, தூசியில் மூச்சு போச்சு. சென்னையில் 2000இல் குப்பை அள்ளும் வேலையின் ஒரு பகுதி ஓனிக்ஸ் என்ற தனியார் கம்பெனிக்குக் கைமாறியது. அதற்குப் பிறகு கம்பெனிகள் மாறின, கூட்டுகிறவர்களின் சாதி மாறவில்லை. 1972ஆம் ஆண்டுப் பணிக்கொடைச் சட்டம் அய்ந்து ஆண்டு தொடர் வேலை கேட்டது. ஒப்பந்தக்காரன் மாறும்போதெல்லாம் ‘நீ புது ஆளு’ன்னு சொல்லிவிட்டால் அய்ந்து எப்போ நிறையும்?

‘ஒன்னால முடியாது, ஒம் மவள அனுப்பு’ங்கிறான் மேஸ்திரி. இரக்கம் மாதிரி கேட்கும். தாயை வயசைச் சொல்லிக் கழித்துவிட்டு, மகள் கையில் அதே துடைப்பத்தைக் கொடுக்கிறான். குலத்தொழிலுக்கு மனு வர வேண்டியதில்லை. பணிக்கொடையும் ஓய்வூதியமும் இல்லாத முதுமையே போதும்.

ஆகவே தோழர்களே, ஓய்வு வயதை மட்டும் பேசினால் பாதிப் பேச்சுதான். கம்பெனி மாறினாலும் உழைத்த ஆண்டுகள் தொடர்ந்து எண்ணப்பட வேண்டும். முடியாதவருக்கு ஓய்வூதியம் வேண்டும். மகள் பள்ளிக்கூடம் போக வேண்டும்.