கிளிக்குக்குக் காசு... மக்ரூன் கடைக்குக் கட்டுப்படியாகுமா?

முந்திரி, சர்க்கரை, முட்டை வெள்ளைக்கரு... இதுதான் தூத்துக்குடி மக்ரூன். இதை வெளியூருக்கு விற்க கூகுள் தேடலில் விளம்பரம் கொடுக்கலாமா?

2002-ல் கூகுள் கொண்டுவந்த ஏல முறைப்படி, விளம்பரம் தெரிவதற்குக் காசில்லை. கிளிக் பண்ணினால்தான் காசு. அதிகத் தொகை கேட்டால் மட்டும் முதலிடம் கிடைக்காது, விளம்பரத்தின் தரமும் முக்கியம்.

ஒரு கிளிக் 10 ரூபாய், தினசரி பட்ஜெட் 300 ரூபாய்னு வைங்க. சுமார் 30 கிளிக்கில் காலி! 'மக்ரூன் செய்வது எப்படி'ன்னு தேடுறவர் வாங்க வரலை. ஆனா, அவர் கிளிக்குக்கும் காசு போகும். அதனால 'செய்வது எப்படி', 'ரெசிப்பி' போன்றவற்றை 'நெகட்டிவ் கீவேர்டு' பட்டியலில் சேருங்க. பார்சல் அனுப்புற ஊர்களை மட்டும் தேர்வுசெய்யுங்க.

30 கிளிக்கில் 3 ஆர்டர் வந்தால், ஓர் ஆர்டருக்கு விளம்பரச் செலவு 100 ரூபாய். லாபம் அதைவிடக் குறைவா? விளம்பரத்தை உடனே நிறுத்திடுங்க!