காவலும் கண்காணிப்பும்

புனேயில் சிறு ஏற்றுமதி நிறுவனம் நடத்தும் நண்பர் ஒருவர், சென்ற மாதம் ஓர் ஒப்பந்தத்தை அனுப்பி, "மொழியியல் படித்தவர்தானே, இது என்ன சொல்கிறது என்று பாருங்கள்" என்றார். அவருடைய கணினிகளை 24 மணி நேரமும் கவனிக்க முன்வந்த ஒரு சேவை நிறுவனத்தின் ஒப்பந்தம் அது. முகப்பில் 'பாதுகாப்பு' என்னும் சொல் பெரிய எழுத்தில் இருந்தது. உள்ளே இருந்தவையோ கண்காணித்தல், அறிவித்தல் என்னும் இரண்டு வினைகள் மட்டுமே. இழப்பு நேர்ந்தால் அந்நிறுவனம் ஏற்கும் பொறுப்பு, ஓராண்டுக் கட்டணத்தைத் தாண்டாது.

இவ்விரு கருத்துகளுக்கும் இடையிலான தொலைவு நம் வரலாற்றில் பழையது. களவுபோன பொருளை மீட்டுத்தர இயலாத அரசன், தன் கருவூலத்திலிருந்து ஈடு செய்ய வேண்டும் என்பது அர்த்தசாத்திர நெறி. கம்பெனி ஆட்சி வேரூன்றிய காலத்து நெல்லைச் சீமையில், ஊரிடம் காவற்கூலி பெற்ற காவல்காரர் திருட்டுப்போனதை மீட்க வேண்டும். இயலாவிடில் ஈடு தர வேண்டும் என்பது வழக்கம். அம்முறை மிரட்டிப் பொருள் பறிக்கவும் பயன்பட்டது என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் அங்கே 'காவல்' என்ற சொல்லுக்குள் ஈட்டுக்கடன் அடங்கியிருந்தது. சோழர் காலக் கோயிற் கல்வெட்டுகளில் வரும் 'கண்காணி' வேறு வகையினர். அவர் மேற்பார்வை செய்பவர். இழப்பை ஈடுகட்டுபவர் அல்லர்.

தொலைவிலிருந்து பலருக்காக ஒருவர் விழித்திருக்கும் வணிகம் கணினிக்கு முந்தியது. 1858இல் பாஸ்டனில் மின்சாரத் திருட்டு அறிவிப்பு மணியை விற்கத் தொடங்கிய எட்வின் ஹோம்ஸ், பின்னர் நியூயார்க்கில் பல கட்டடங்களின் கம்பிகளை ஒரு மையத்தில் இணைத்தார். இன்றைய பாதுகாப்பு மையங்களும் அதே அமைப்பின் வழிவந்தவையே. தனித்தனியே காவலர் வைக்க இயலாதோர் ஒரு விழிப்பைப் பகிர்ந்துகொள்கின்றனர்.

இந்தியாவில் இத்தேவையைக் கூர்மையாக்கியது சட்டம். 2004இல் செயற்படத் தொடங்கிய செர்ட்-இன், 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட ஆணையில், இணையத் தாக்குதலை அறிந்த அல்லது அறிவிக்கப்பட்ட 6 மணி நேரத்துக்குள் தனக்குத் தெரிவிக்க வேண்டும் என்றது. கணினிச் செயற்பதிவுகளை 180 நாள் பேண வேண்டும் என்றது. சிறு, குறு, நடுத்தர நிறுவனங்களுக்குக் கிடைத்த சலுகை, அவ்வாண்டு செப்டம்பர் 25 வரையிலான அவகாசம் மட்டுமே. கணக்கரே கணினியையும் பார்த்துக்கொள்ளும் ஒரு நிறுவனம் இதைத் தனித்து நிறைவேற்றுவது அரிது. ஒழுங்காற்று அமைப்புகளும் இதை உணர்ந்தன. சிறிய பங்குச்சந்தை நிறுவனங்களுக்கான பொதுக் கண்காணிப்பு மையங்களை அமைக்குமாறு, தேசியப் பங்குச்சந்தையையும் மும்பைப் பங்குச்சந்தையையும் 2024இல் செபி பணித்தது.

ஆக, விழிப்பை ஒப்படைக்கலாம். பொறுப்பு? தகவல் தொழில்நுட்பப் பணிகளை வெளியே தருவது வங்கியின் கடமையைக் குறைக்காது என்றது ரிசர்வ் வங்கியின் 2023ஆம் ஆண்டு நெறிமுறை. அதே ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், யாரிடம் பணியை ஒப்படைத்தாலும் தரவைப் பெற்றவரே பொறுப்பு என்கிறது. 2024 ஜூலை இறுதியில் சி-எட்ஜ் என்னும் தொழில்நுட்பச் சேவை நிறுவனம் பணயத் தீநிரலுக்கு இலக்கானபோது, அதைச் சார்ந்திருந்த ஏறத்தாழ 300 சிறு வங்கிகள் பணப்பரிமாற்ற வலையிலிருந்து துண்டிக்கப்பட்டன. தாக்கப்பட்டது சேவை நிறுவனம். பணம் எடுக்க முடியாமல் நின்றவர்கள் சிறு வங்கிகளின் வாடிக்கையாளர்கள்.

இதனால் சிறு நிறுவனங்கள் இச்சேவையை வாங்கலாகாது என்பதல்ல என் முடிவு. வாங்காமலிருப்பது அதனினும் தீது. ஆனால் வாங்குவது காவல் அன்று, கண்காணிப்பு என்று தெரிந்து வாங்க வேண்டும். அந்த 6 மணி நேரக் கணக்கை நோக்குங்கள். சேவை நிறுவனம் 'அறிவித்தேன்' என்று தன் கடமையை முடிக்கும் நொடியில்தான் உரிமையாளரின் கடிகாரம் ஓடத் தொடங்குகிறது.

நண்பரிடம் மூன்று கேள்விகளை ஒப்பந்தத்தில் சேர்க்கச் சொன்னேன். நள்ளிரவு இரண்டு மணிக்கு எச்சரிக்கை வந்தால் கணினியை வலையிலிருந்து துண்டிக்கும் அதிகாரம் யாருக்கு? செர்ட்-இன்னுக்கு எழுதுபவர் யார்? ஒப்பந்தம் முடிந்தபின் பதிவுகள் யாரிடம் இருக்கும்? முதலிரண்டுக்கும் எழுத்தில் விடை வந்துவிட்டது. மூன்றாவதற்கு இன்னும் காத்திருக்கிறார்.

சட்டம், வரலாறு, கணினியியல் பயிலும் நண்பர்கள் தத்தம் பகுதிகளின் காவல் வழக்கங்களையும், அவற்றுக்கு வழங்கிய சொற்களையும் இங்கே பகிர்ந்தால் நன்றியுடையேன்.