கயையும் புத்த கயையும்

நம் காலனியில் கயைக்குச் சென்று வராத குடும்பங்கள் மிகச் சிலவே. 1906-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட கிராண்ட் கார்டு இருப்புப் பாதையில் ஊழியம் செய்யும் நமக்குக் கயை பக்கத்து ஊர் போன்றது. தமிழகத்திலிருந்து வரும் உற்றார் உறவினர் காசி விசுவநாதரைத் தரிசித்த கையோடு நம் இல்லம் வந்து சேர்வர், கைகால் கழுவும் முன்னரே, "கயைக்கு எத்தனை மணிக்கு வண்டி?" என்று வினவுவர். அவர்களை அழைத்துச் சென்று, பல்குனி நதிக்கரையில் அமர்த்தி, விஷ்ணு பாதத்தில் பிண்டம் இடச் செய்து, அட்சய வடத்தடியில் காய் ஒன்றும் கனி ஒன்றும் விடச் செய்து, திரும்ப வண்டி ஏற்றுவது நம்மில் பலருக்கும் பழகிய பணி. நேரம் மிஞ்சினால் புத்த கயையையும் ஒரு நடை பார்த்து வருவதுண்டு. முன்னது கடமை, பின்னது வேடிக்கை. யானும் நெடுங்காலம் அவ்வாறே எண்ணியிருந்தேன்.

என் தகப்பனாருக்கோ முறை தலைகீழ். ஓய்வு பெற்றபின் தம்மபதத்தின் தமிழாக்கம் ஒன்றை நாள்தோறும் காலையில் படித்து வந்தார். "அறிவு விளங்கிய இடம் புத்த கயை, மாவை உருட்டி வைக்கும் இடம் கயை" என்பார். தமக்குப் பின் கயையில் எதுவும் செய்ய வேண்டா என்று சொல்லிவிட்டே கண் மூடினார். என் தாயாரோ, கயையில் செய்தாலன்றித் தம் மனம் ஆறாது என்றார்கள். சரித்திரப் புத்தகங்களை யான் புரட்டத் தொடங்கியது இந்த இக்கட்டினாலேயன்றிப் புலமையினால் அன்று. பள்ளியிறுதி வகுப்போடு குமாஸ்தா நாற்காலியில் அமர்ந்தவன் யான். குற்றம் இருப்பின் கற்றோர் பொறுத்தருள்க.

இரண்டு ஊர்களுக்கும் இடையே சுமார் 12 கிலோமீட்டர் தூரம். இரண்டையும் இணைப்பது ஒரே ஆறு. புத்த கயையின் அருகே ஓடும் நிரஞ்சனை, சற்று வடக்கே மோகனையுடன் கலந்து, பல்குனி என்னும் பெயர் பெற்று விஷ்ணு பாதத்தின் ஓரமாகச் செல்கிறது. சித்தார்த்தர் வந்த நாளில் புத்த கயை என்ற பெயர் இல்லை. உருவேலை என்னும் சிற்றூரே அங்கு இருந்தது. கயையோ அப்போதே நீராடும் தலம். பனி பெய்யும் குளிர்கால இரவுகளில் சடைமுடித் துறவியர் கயையில் நீரில் மூழ்கி எழுவதையும் தீ வளர்ப்பதையும் புத்தர் கண்டார் என்று பாலி நூலாகிய உதானம் கூறுகிறது. தூய்மை நீரினால் வருவதன்று, உண்மையினாலும் அறத்தினாலும் வருவது என்பதே அவர் அங்குக் கொண்ட கருத்து.

ஞானம் பெற்றுக் காசியை அடுத்த சாரநாதத்தில் முதல் உபதேசம் செய்தவர், மீண்டும் இப்பக்கமே வந்தார். உருவேலையிலும் கயையிலும் காசியப சகோதரர் மூவர் இருந்தனர். மூத்தவரிடம் 500 பேர், நடுவரிடம் 300 பேர், இளையவரிடம் 200 பேர். ஆக ஆயிரம் சடைமுடியினர், யாவரும் தீயை வழிபடுவோர். அவர்களைத் தம் சீடராக ஏற்றபின், கயாசீச மலைமீது அவர்களுக்கு ஓர் உபதேசம் செய்தார். இன்று பிரம்மயோனி என்று நாம் ஏறி இறங்கும் குன்றே அது என்பர். கண்ணும் செவியும் மனமும் ஆசையாலும் பகையாலும் மயக்கத்தாலும் எரிகின்றன என்பது அவ்வுபதேசத்தின் சாரம். நேற்று வரை தீயை வணங்கியவரிடம் தீயைக் கொண்டே பேசினார் என்பதைக் கவனிக்க வேண்டும். அவர்களது பழைய பக்தியை அவர் பழிக்கவில்லை. அதன் முகத்தை உள்ளே திருப்பிவிட்டார்.

இதுவரை படித்தபோது, தகப்பனார் கட்சியே வென்றது என்று எண்ணினேன். மேலே படித்தபோதுதான் வழக்கு மாறியது.

பௌத்தத்தில் உள்ளத்தைப் பக்குவப்படுத்தும் ஆற்றல்கள் ஐந்து என்பர். அவற்றுள் கடைசியில் நிற்பது பஞ்ஞை, அதாவது மெய்யறிவு. நடுவே வீரியமும் விழிப்பும் ஒருமையும் உள்ளன. முதலில் நிற்பது எது? சத்தா. வடமொழியில் அதுவே சிரத்தை. அறிவின் மார்க்கம் என்று நாம் கேள்விப்பட்ட அம்மார்க்கத்தின் தலைவாயிலில் நம்பிக்கையே நிற்கிறது. சிரத்தை மிகுந்து அறிவு குறைந்தவன் தகாததை எல்லாம் நம்புவான். அறிவு மிகுந்து சிரத்தை குறைந்தவன் சூழ்ச்சியில் வீழ்வான், அவன் மருந்தினாலேயே நோய் கண்டவனைப் போலத் தீராதவன் என்று விசுத்திமார்க்கம் என்னும் பெருநூல் எச்சரிக்கிறது. அந்நூலை 5-ஆம் நூற்றாண்டில் இலங்கையில் இயற்றிய புத்தகோசர், போதி மரத்தின் அருகே பிறந்தவர் என்பது இலங்கை மரபு. அவரே தம் உரைநூல் ஒன்றில், தாம் காஞ்சிபுரத்தில் ஜோதிபாலர் என்னும் துறவியுடன் தங்கியிருந்ததைக் குறிப்பிடுகிறார். நம் காஞ்சி, கயையின் கதையில் இவ்வாறு நுழைகிறது.

கீதையின் நான்காம் அத்தியாயமும் சிரத்தை உடையவனுக்கே ஞானம் கைகூடும் என்கிறது. ஏழாம் அத்தியாயம் பக்தர்களை நால்வகையாக்கி, அவருள் ஞானியையே சிறந்தவனாக வைக்கிறது. இவை நாம் உபந்நியாசங்களில் கேட்டவையே. ஆனால் கயையில் நாம் செய்யும் கருமத்தின் பெயரே அச்சொல்லிலிருந்து பிறந்தது என்பதை யான் அதுகாறும் சிந்தித்ததில்லை. சிரத்தையோடு செய்வது சிராத்தம். மாவுருண்டையின் பெயர் பிண்டம். செய்பவன் உள்ளத்தில் இருப்பதன் பெயரால் வழங்குவதே அக்கருமம். என் தகப்பனார் வேண்டா என்ற ஊரின் கருமமும், விரும்பிய ஊரின் முதற் படியும் ஒரே சொல்லாய் இருந்தன.

நம் மணிமேகலையும் இவ்வரிசையில்தான் நடக்கிறாள். மணிபல்லவத் தீவில் புத்தரின் பாத பீடிகையைத் தொழுது பழம் பிறப்பை உணர்கிறாள். பிறகு அமுதசுரபி ஏந்திப் பசித்தோர்க்கு உணவிடுகிறாள். அதன்பின்னரே சமயவாதிகளின் வாதம் கேட்டு, இறுதியில் காஞ்சியில் அறவண அடிகளிடம் தருக்கமும் அறமும் கற்கிறாள். முதலில் பாதம், கடைசியில் தருக்கம். விஷ்ணு பாதத்தில் வரிசையில் நிற்கும்போது இதனை நினைத்துக்கொள்வது தகும். புத்த கயையிலும் பாதம் பொறித்த கல் உண்டு.

இனி, கல்லும் சுவரும் கூறும் செய்திக்கு வருவோம். அசோக சக்கரவர்த்தி முடிசூடிய பத்தாம் ஆண்டில் போதித் தலத்திற்கு யாத்திரை சென்றதைத் தம் பாறைக் கல்வெட்டில் பொறித்துள்ளார். 4-ஆம் நூற்றாண்டில் இலங்கை மன்னன் மேகவண்ணன், சமுத்திரகுப்தனின் காலத்தில், தன் நாட்டு யாத்திரிகருக்காக அங்கே ஒரு விகாரம் எழுப்பினான். சுமார் 50 மீட்டர் உயர்ந்து நிற்கும் இப்போதைய கோயில் குப்தர் காலத்து வேலை. 7-ஆம் நூற்றாண்டில் சீன யாத்திரிகர் யுவான் சுவாங் அதனைக் கண்டார். அவர் எழுதி வைத்த செய்திகளுள் ஒன்று என் மனத்தைவிட்டு அகலாதது.

கௌட நாட்டு அரசன் சசாங்கன் போதி மரத்தை வெட்டினான். கோயிலில் உள்ள புத்தர் உருவை அகற்றி மகேசுவரன் உருவை வைக்குமாறு ஓர் அதிகாரிக்கு ஆணையிட்டான். அதிகாரி திகைத்தான். உருவை உடைத்தால் பல பிறவிக்கும் பாவம். ஆணையை மீறினால் இப்பிறவிக்கே ஆபத்து. அவன் உருவத்தின் முன் செங்கற் சுவர் ஒன்று எழுப்பி, உள்ளே ஒரு விளக்கையும் ஏற்றி வைத்து, சுவரின் வெளிப்புறத்தில் மகேசுவரன் உருவை அமைத்துவிட்டு, ஆணை நிறைவேறிற்று என்று அறிவித்தானாம். மேலிடத்து உத்தரவுகளைக் கோப்பில் கண்டு பழகிய நமக்கு அவ்வதிகாரியின் நிலை நன்கு விளங்கும். யுவான் சுவாங் பௌத்தர். சசாங்கன்மீது அவருக்கு அன்பு இல்லை. ஆகையால் அரசனைப் பற்றிய பகுதியை ஆராய்ச்சியாளர் அப்படியே ஏற்பதில்லை. ஆயினும் அந்த விளக்கு எனக்கு மெய்யாகவே தோன்றுகிறது. வியப்பு என்னவெனில், 1234-ஆம் ஆண்டில் அங்கு வந்த திபெத்திய யாத்திரிகர் தர்மசுவாமி என்பாரும் இதனையொத்த காட்சியைக் கண்டிருக்கிறார். படையெடுப்புக்கு அஞ்சி எல்லாரும் ஓட, நான்கு துறவிகளே எஞ்சியிருந்தனர். புத்தர் உருவம் செங்கல்லால் மறைக்கப்பட்டு, வாயிலைப் பூசிய காரைமேல் காவலாக மகேசுவரன் உருவம் எழுதப்பட்டிருந்தது. முதற் கதையில் பகையாய் வந்த சிவன், ஆறு நூற்றாண்டு கழித்துக் காவலாய் நின்றான்.

இவ்விரண்டுக்கும் நடுவே பகையும் இல்லாத ஒரு காலம் இருந்தது. பால வமிசத்துத் தர்மபாலனின் 26-ஆம் ஆட்சியாண்டில், சிற்பி ஒருவரின் மகனான கேசவன் என்பான், மகாபோதியில் வாழ்வோரின் நன்மைக்காக அங்கே நான்முக மகாதேவரை நிறுவி, மூவாயிரம் திரம்மம் செலவில் ஒரு குளமும் தோண்டினான் என்று அவ்வூர்க் கல்வெட்டு ஒன்று கூறுகிறது. யாரும் சுவர் எழுப்பவில்லை. கயா மாகாத்மியமும், பிண்டம் இட வந்தவன் மகாபோதி மரத்தை வணங்க வேண்டும் என்கிறது. இன்றும் வடநாட்டு யாத்திரிகர் பலர் புத்த கயைக்குச் சென்று அங்கும் பிண்டம் இடுகின்றனர். நாம்தான் வண்டிக்கு நேரமாயிற்று என்று விட்டுவிடுகிறோம்.

விஷ்ணு பாதத்தின் பக்கத்துக்கும் ஒரு கதை உண்டு. 16-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வங்காளத்து நவத்துவீபத்திலிருந்து, நிமாய் என்னும் இளைஞர் தந்தைக்குச் சிராத்தம் செய்ய வந்தார். இலக்கண ஆசிரியர், வாதத்தில் வல்லவர், கல்விச் செருக்கும் உடையவர். பாதத்தைக் கண்டு கண்ணீர் பெருக்கினார். ஈசுவர புரியிடம் உபதேசம் பெற்றார். ஊர் திரும்பிய பின் இலக்கணம் கற்பிக்க அவரால் இயலவில்லை. அவரே சைதன்யர். இப்போது நாம் காணும் விஷ்ணு பாதக் கோயில் அவர் கண்டதன்று. அது 1787-இல் அகல்யாபாய் மகாராணி எடுப்பித்தது.

பிற்காலச் செய்தியில் வழக்கே மிகுதி. சுமார் 1590-இல் புத்த கயையில் வந்து தங்கிய சைவத் துறவி ஒருவரின் வழிவந்த மகந்துகள், பாழடைந்த கோயிலைத் தம் உடைமையாகக் கொண்டனர். பர்மிய மன்னர் அனுப்பியோர் திருப்பணி தொடங்க, 1880-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஆங்கில அரசு அதனை முடித்தது. 1891 ஜனவரியில் இலங்கை அநகாரிக தர்மபாலர் வந்து கோயிலின் நிலை கண்டு உருகி, அவ்வாண்டே மகாபோதி சபையை நிறுவினார். 1895-இல் ஜப்பானியர் அளித்த புத்தர் உருவை அவர் கோயிலில் வைக்க, மகந்தின் ஆட்கள் அதனை அகற்ற, வழக்கு கல்கத்தா உயர் நீதிமன்றம் வரை சென்றது. தர்மபாலருக்கு வெற்றி கிட்டவில்லை. பின்னாளில் ராஜேந்திர பிரசாத் அவர்கள் இதனை விசாரித்து, இரு சமயத்தாரும் கூடிய குழுவே தகும் என்றார். 1949-ஆம் ஆண்டுச் சட்டம் இந்துக்கள் நால்வர், பௌத்தர் நால்வர், மாவட்ட அதிகாரி தலைவர் என்று வகுத்தது. 1953-இல் கோயில் குழுவின் கைக்கு வந்தது. தலைவர் இந்துவாகவே இருத்தல் வேண்டும் என்ற விதி 2013-இல் நீக்கப்பட்டது. முழு உரிமையும் தமக்கே வேண்டும் என்று பௌத்தத் துறவியர் 2025-இல் உண்ணாநோன்பு இருந்தனர். அவர்கள் மனவருத்தம் காரணமற்றது என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. நம் இராமேசுவரத்தை வேற்றுச் சமயத்தாரோடு பாதிப் பாதியாக நிர்வகிக்கச் சொன்னால் நாம் எவ்வளவு பொறுப்போம் என்று எண்ணிப் பார்க்கிறேன்.

தாயாரும் யானும் சென்றது 2019-ஆம் ஆண்டு, தை அமாவாசையை ஒட்டி. பல்குனியில் அப்போது நீர் இல்லை. மணலில் குழி தோண்டி ஊறிய நீரில்தான் காரியம் நடந்தது. (2022-இல் அணை கட்டியபின் விஷ்ணு பாதத்தருகே நீர் நிற்கிறது.) "அப்பா வேண்டாம் என்று சொன்னாரே அம்மா" என்று மணலில் நிற்கும்போதும் ஒருமுறை சொன்னேன். "அவர் தமக்கு வேண்டாம் என்றார். நான் எனக்காகத்தானே கேட்கிறேன்" என்றார்கள். அட்சய வடத்தடியில், நம்மவர் பலர் செய்வது போலப் பாகற்காயை விட்டுத் தப்பிக்கவில்லை. தகப்பனாருக்கு மிகப் பிடித்த கத்தரிக்காயைத் தாமும் விட்டார்கள்.

பிற்பகல் புத்த கயை சென்றோம். பத்து நிமிடம் என்று கணக்கிட்டுச் சென்றவர்கள் ஒரு மணி நேரத்திற்கு மேல் அமர்ந்துவிட்டார்கள். இப்போதுள்ள மரம், 1876-இல் புயலில் வீழ்ந்த பழைய மரத்தின் வழிவந்தது என்று யான் சொல்லத் தொடங்கியதை அவர்கள் கேட்டதாகத் தெரியவில்லை. எதிரே திபெத்தியக் கிழவி ஒருத்தி பலகையின்மீது விழுந்து விழுந்து எழுந்துகொண்டிருந்தாள்.

"அந்த அம்மாள் என்னடா கேட்கிறாள்?"

"தெரியவில்லை அம்மா."

சற்று நேரம் பார்த்திருந்துவிட்டு, "எதுவும் கேட்கிற மாதிரித் தெரியவில்லையே" என்றார்கள்.

எழுந்தபோது காற்றில் வீழ்ந்த இலை ஒன்றை எடுத்துத் தலைப்பில் முடிந்துகொண்டார்கள். மாலை வண்டி தவறிப் போயிற்று. இரவு வண்டியில்தான் திரும்பினோம். அந்த இலை தகப்பனாரின் தம்மபதப் புத்தகத்தினுள், அவர் கடைசியாக அடையாளம் வைத்திருந்த பக்கத்தில் இருக்கிறது.