அறுவை வணிகன் யார் மகன்?

பதினேழாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஒரு கிராமத்துத் தச்சனின் வாழ்க்கையைத் தேடுகிறவருக்குத் தடம் உண்டு. 1538இல் தாமஸ் குரோம்வெல் இட்ட ஆணையால் ஒவ்வொரு பங்குத் தேவாலயமும் திருமுழுக்கு, திருமணம், அடக்கம் ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுதி வைக்கத் தொடங்கியது. உயில் இருந்தால் மனைவி மக்களின் பெயர்கள் தெரியும். இறந்தபின் எடுத்த உடைமைப் பட்டியலும் கிடைத்தால் அவனுடைய உளியும் வாளும்கூட அதில் இருக்கும்.

நம் மதுரை வணிகனைத் தேடுவோர் அழகர்மலையில் கிடாரிப்பட்டிப் பக்கத்துக் குகைத்தளத்துக்கு ஏற வேண்டும். சமண முனிவருக்குக் கற்படுக்கை அமைத்துக் கொடுத்தோர் பெயர்கள் அங்கே தமிழ்ப் பிராமி எழுத்தில் உள்ளன. ஐராவதம் மகாதேவன் அவற்றைக் கி.மு. முதல் நூற்றாண்டினவாகக் கொள்கிறார். மதுரை உப்பு வணிகன் வியக்கன், பாணித வணிகன் நெடுமலன், கொழு வணிகன் இளஞ்சந்தன். கூடவே ஓர் அறுவை வணிகன். பாணிதம் கருப்பஞ்சாற்றுப் பாகு, கொழு ஏரின் முனை, அறுவை துணி. (வகுப்பில் 'அறுவை' என்றதும் மாணவர் சிரிப்பது தனிக்கதை.)

இந்த அறுவை வணிகன் பெயரும் 'இள' என்றே தொடங்குகிறது. மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் சங்கப் புலவர் அல்லவா? அகநானூற்றிலும் நற்றிணையிலும் பாடியவர் மலையில் படுக்கையும் அமைத்தார் என்று சொல்ல நாக்கு துறுதுறுக்கிறது, சொன்னவரும் உண்டு. ஆனால் கல்லில் உள்ள பெயர் 'அடன்' என்று முடிகிறது. 'வேட்டன்' அங்கே இல்லை. ஒரே ஊர்ப்புறத்தில் ஒரே தொழில் செய்தோர் பலர் இருந்திருப்பர். எனக்கு இந்த இணைப்பில் உடன்பாடில்லை.

இவ்வணிகர் யார் மக்கள் என்பதைக் கல் சொல்லவில்லை. தந்தை பெயர் எழுதும் வழக்கமே இல்லையோ என்றால், அப்படியும் இல்லை. புகளூர்க் கல்வெட்டு ஆதன் செல்லிரும்பொறை, அவன் மகன் பெருங்கடுங்கோன், அவன் மகன் இளங்கடுங்கோ என்று சேரர் மூன்று தலைமுறையை அடுக்குகிறது. அதே குன்றில் படுக்கை ஈந்த பொன்வாணிகன் நத்திக்குக் கருவூர் என்ற ஊர் மட்டும் உண்டு. மாங்குளத்திலும் நெடுஞ்செழியனின் உறவினனான இளஞ்சடிகனுக்குத்தான் தந்தை பெயர் வருகிறது.

வணிகன் தன்னை ஊராலும் சரக்காலும் அறிவித்துக்கொண்டான். சந்தையில் அவனை அறிந்தோர்க்கு அது போதும். அவன் மனைவி மக்களைத் தேடும் நமக்குத்தான் அந்த ஒற்றை வரிக்குமேல் கல்லில் எதுவும் இல்லை.