கையைப் பார்த்த சட்டம்

2004 நவம்பர் 14. அமெரிக்கத் தலைநகர் வொஷிங்டனுக்குப் பக்கத்தில் அலெக்சாண்ட்ரியா. பாடசாலை மாணவர்களோடு போன ஒரு பஸ் கல் பாலமொன்றின் வளைவில் மோதியது. பஸ்ஸின் உயரம் 12 அடி. அது போன பக்கத்தில் பாலத்தின் உயரம் 10 அடி 2 அங்குலம். எச்சரிக்கைப் பலகைகள் இருந்தன. சாரதி பலகையையும் காணேல்ல, பாலத்தையும் காணேல்ல. போனில் கதைத்துக்கொண்டிருந்தார், அதுவும் ஹேண்ட்ஸ்ப்ரீயில். இரண்டு கையும் சும்மாதான் இருந்தன. 11 மாணவர்களுக்குக் காயம்.

விசாரித்த தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்புச் சபை, பயணிகளை ஏற்றும் சாரதிகள் ஓடும்போது எந்த வகைப் போனும் பாவிக்கக்கூடாது எண்டு 2006இல் கேட்டது. ஆனால் அந்தச் சபையால் கேட்கத்தான் முடியும், சட்டம் போட முடியாது.

சட்டம் போடுகிறவர்கள் 2010 ஜனவரியில்தான் அசைந்தார்கள். லொறி, பஸ் சாரதிகள் குறுஞ்செய்தி அனுப்பத் தடை. கதைக்கத் தடையில்லை. சரியாக இரண்டு மாதம் கழித்து, மார்ச் 26 விடியப்புறம், கென்டக்கி மாநிலத்தில் ஒரு பெரிய லொறி நடுத்திட்டைத் தாண்டி எதிரே வந்த வானில் மோதியது. லொறிச் சாரதியோடு சேர்த்து 11 பேர் செத்துப்போனார்கள். முந்திய 24 மணித்தியாலத்தில், ஓடும்போது மட்டும் 69 தடவை அவர் போன் பாவித்திருந்தார். கடைசி அழைப்பு 5.14க்கு. லொறி வீதியை விட்டு விலகியதும் அதே நேரம்தான்.

2011 டிசம்பரில் புது விதி வந்தது. போனைக் கையில் பிடிக்கக்கூடாது. ஒரு பட்டனுக்கு மேல் அமத்தக்கூடாது. சிக்னலில் நிண்டாலும் இதே விதிதான். சாரதிக்கு 2,750 டொலர் வரை தண்டம். கம்பனிக்கு 11,000 வரை. இந்தக் கம்பனித் தண்டம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. சாமான் எங்க நிக்குது, எப்ப வரும் எண்டு ஓடிக்கொண்டிருக்கிறவனுக்கு அழைப்பெடுப்பது பெரும்பாலும் முதலாளி பக்கம்தானே! சாரதியைக் கையில் போன் பிடிக்க விடுவதும், பிடிக்கச் சொல்லுவதும் கம்பனியின்ர குற்றம் எண்டு அந்த விதி எழுதி வைத்தது.

ஆனால் ஹேண்ட்ஸ்ப்ரீயை விட்டுவிட்டார்கள். கென்டக்கி விபத்துக்குப் பிறகு, 2011 செப்டெம்பரில், வர்த்தக வாகனச் சாரதிகள் எல்லாருக்கும் அதையும் சேர்த்துத் தடை செய்யுங்கோ எண்டு சபை திரும்பவும் கேட்டிருந்தது. மூன்று மாதம் கழித்து வந்த விதியில் அது இல்லை. அலெக்சாண்ட்ரியாவில் அந்தப் பஸ் சாரதி செய்தது, இந்த விதிப்படி இப்பவும் குற்றமில்லை.