முழங்காலுக்குள் எட்டிப் பார்த்த கதை

ஷட்டில் ஆடும்போது கால் திரும்புகிறது. முழங்காலில் 'டப்' என்று ஒரு சத்தம். சில மணி நேரத்தில் வீக்கம். டாக்டர், "ஜவ்வு கிழிந்திருக்கலாம், எம்.ஆர்.ஐ. எடுத்துவிடுங்கள்" என்கிறார். இந்த ஸ்கேன் வருவதற்கு முன் இதை எப்படிக் கண்டுபிடித்தார்கள் தெரியுமா?

1895-ல் ஜெர்மனியில் ரான்ட்ஜென் எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்தார். எலும்பு தெரிந்தது, எலும்புகளை இழுத்துப் பிடித்திருக்கும் லிகமென்ட் என்ற ஜவ்வு தெரியவில்லை. 1918-ல் டோக்கியோவில் கென்ஜி தகாகி, சிறுநீர்ப்பையைப் பார்க்கும் குழாய்க் கருவியை இறந்தவரின் முழங்காலுக்குள் செலுத்திப் பார்த்தார். ஆர்த்ரோஸ்கோப்பி அப்படித்தான் தொடங்கியது. ஆனால் அதற்குத் துளை போட்டாக வேண்டும்.

மற்றபடி டாக்டரின் கைதான் கருவி. முழங்காலைச் சற்றே மடக்கி, ஒரு கையால் தொடையைப் பிடித்து, மறு கையால் கீழ்க்காலை முன்னால் இழுப்பார். பிடிப்பில்லாமல் நகர்ந்தால் முன்பக்கக் குறுக்கு ஜவ்வு போயிருக்கும். 1976-ல் அமெரிக்க மருத்துவர் ஜோசப் டார்க் இதைத் தன் ஆசிரியர் லாக்மன் பெயரால் எழுதினார்.

எம்.ஆர்.ஐ.யின் அடிப்படை 1946-ல் பிளாக், பர்செல் இருவரும் தனித்தனியே கண்டது. 1973-ல் லாட்டர்பர் அதைப் படமாக்கினார். 1977 ஜூலை 3 அன்று டமேடியன் குழு ஒரு மனிதரின் மார்பைப் படம் எடுக்க ஏறக்குறைய 5 மணி நேரம் ஆனது! 1980-களில்தான் அது முழங்காலுக்கு வந்தது. இன்று அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடுகிறது.

காந்தப்புலத்தில் உடலின் ஹைட்ரஜன் அணுக்கள் தரும் சமிக்ஞையே படமாகிறது. நல்ல ஜவ்வு கறுப்புப் பட்டையாகத் தெரியும். கிழிந்தால் பட்டை அறுபட்டு, நடுவே நீர் வெள்ளையாக மின்னும். எக்ஸ்ரே கதிர் கிடையாது. ஆனால் பேஸ்மேக்கரோ, உடலுக்குள் வேறு உலோகமோ இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

ரிப்போர்ட்டில் 'கிழிசல்' என்று பார்த்ததும் பதற வேண்டாம். 2008-ல் வெளியான ஓர் ஆய்வுக்காக அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹாமில் 50 வயதைத் தாண்டிய 991 பேருக்கு ஸ்கேன் எடுத்தார்கள். மெனிஸ்கஸ் என்ற குருத்தெலும்பு மெத்தை கிழிந்திருந்தவர்களில் 61 சதவீதம் பேருக்கு அதற்கு முந்தைய ஒரு மாதத்தில் வலியே இருந்ததில்லை. அதனால் ஆபரேஷனுக்குத் தலையாட்டும் முன், "கையால் பார்த்ததும் படமும் ஒத்துப்போகிறதா டாக்டர்?" என்று கேளுங்கள். வீங்கிய முழங்காலோடு, 'தானே சரியாகிவிடும்' என்று மறுபடி மைதானத்தில் இறங்கவும் வேண்டாம்.